தள்ளாடும் நாளிதழில் விற்பனை ஊக்கத்தொகை: நியாயமாக வகுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு நாளிதழின் வருமானம் சரியத் தொடங்கியதும் நிர்வாகம் முதலில் கை வைப்பது பெரும்பாலும் விளம்பரப் பிரிவின் ஊக்கத்தொகை (இன்சென்டிவ்) திட்டத்தில்தான். இலக்கை ஏற்றுவார்கள், சதவீதத்தைக் குறைப்பார்கள், சில இடங்களில் இரண்டையும் சேர்த்தே செய்வார்கள். கொஞ்ச நாளில் நன்றாக விற்பவர்கள் வேறு வேலை தேடிப் போய்விடுவார்கள். மீதி இருப்பவர்கள் எந்த விளம்பரதாரர் யாருக்குச் சொந்தம் என்று தகராறு செய்துகொண்டிருப்பார்கள். வருமானம் மேலும் சரியும்.

விளம்பர மேலாளர், பொது மேலாளர், சிறு நாளிதழை நடத்தும் உரிமையாளர் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கடைசிப் படி மட்டும் விற்பனையில் இருப்பவர்களுக்கு. எல்லாப் படிகளுக்கும் அடியில் ஒரே ஒரு நம்பிக்கைதான் இருக்கிறது. தொகை எவ்வளவு என்பதைவிட, சொன்ன கணக்குப்படி தருகிறார்களா, எல்லோருக்கும் ஒரே கணக்கா என்பதுதான் ஆட்களைத் தக்கவைக்கிறது. கையில் பணம் இல்லாத நிறுவனத்துக்கும் இது சாத்தியம்தான்.

படி 1: எந்தப் பணம், எதனால் குறைகிறது என்று பிரித்துப் பாருங்கள்

திட்டத்தைத் தொடுவதற்கு முன் கடந்த 24 மாத வருமானத்தை வகைவாரியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வரி விளம்பரம் (சில வரிகளில் வரும் சிறு விளம்பரம்), டிஸ்பிளே (வடிவமைத்துப் போடும் பெரிய விளம்பரம்), டெண்டர் மற்றும் சட்ட அறிவிப்புகள், சிறப்பு மலர்கள், இணையதள விளம்பரம், பிரதி விற்பனை, சந்தா எல்லாம் தனித்தனியாக. பில் போட்ட தொகை ஒரு பத்தியிலும் வசூலான தொகை அடுத்த பத்தியிலும் இருக்கட்டும்.

இந்த வேலை எதற்கு என்றால், விற்பனையாளரின் உழைப்புக்குச் சம்பந்தமே இல்லாத சரிவைத் தனியே எடுத்து வைப்பதற்கு. அமெரிக்க நாளிதழ்களின் விளம்பர வருமானம் 2006இல் சுமார் 4,900 கோடி டாலராக இருந்தது. பியூ ஆய்வு மையத்தின் மதிப்பீட்டின்படி 2020இல் அது 1,000 கோடி டாலருக்கும் கீழே போய்விட்டது. அந்த ஆண்டுதான் அங்கே பிரதி, சந்தா வருமானம் முதல்முறையாக விளம்பர வருமானத்தைத் தாண்டியது. வீடு வாடகைக்கு, ஆள் தேவை, பழைய பொருள் விற்பனைக்கு என்ற வரி விளம்பரங்களை 1995இல் தொடங்கிய கிரெய்க்ஸ்லிஸ்ட் போன்ற தளங்கள் ஏறக்குறைய இலவசமாகவே வெளியிட ஆரம்பித்தன. அந்த வெள்ளத்தை எந்த விளம்பர நிர்வாகியும் தன் இரண்டு கைகளால் தடுத்திருக்க முடியாது. அதற்கான தண்டனையை அவருடைய சம்பளச் சீட்டில் போட்டால், அவர் உங்களை நம்புவதை அன்றோடு நிறுத்திவிடுவார்.

பிரித்துப் பார்த்தால் வேறொன்றும் தெரியும். மொத்தம் சரிந்தாலும் உள்ளே ஏதோ ஒரு வகை வளர்ந்துகொண்டிருக்கும். எதிர்கால வருமானம் அங்கேதான் இருக்கிறது, புதிய திட்டம் அந்தப் பக்கம்தான் ஆட்களைத் திருப்ப வேண்டும்.

படி 2: எதற்குப் பணம் தருகிறோம் என்று தீர்மானியுங்கள்

ஆர்டர் வந்தாலா, விளம்பரம் அச்சானாலா, பணம் வசூலானாலா? இந்த மூன்றில் எது கணக்கு என்று பல அலுவலகங்களில் தெளிவே இருக்காது. வாய்மொழியாக ஒன்று சொல்வார்கள், மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு இன்னொன்று சொல்லும்.

பணத் தட்டுப்பாட்டில் இருக்கும் நாளிதழ் வசூலுக்குத்தான் பெரும்பங்கு தர வேண்டும். ஆனால் முழுவதையும் வசூலோடு கட்டிப் போடுவது நியாயமில்லை. விளம்பரதாரர் சார்பில் விளம்பரம் தரும் ஏஜென்சிகள் பணம் தர 60, 90 நாள் எடுத்துக்கொள்ளும். ஜூனில் விற்றவர் அக்டோபர் வரை காத்திருந்தால், அந்தத் தொகை எந்த வேலைக்கு வந்தது என்பதே அவருக்கு மறந்துவிடும். அச்சானதும் 40 சதவீதம், வசூலானதும் 60 சதவீதம் என்று பிரிப்பது என் பார்வையில் சரியான இடம். 120 நாளில் வசூலாகவில்லை என்றால் முன்பு கொடுத்த 40 சதவீதத்தை அடுத்த தொகையில் கழிக்கலாம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு வேண்டும். பாக்கி வைத்திருக்கும் விளம்பரதாரருக்கு, விற்பனையாளர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பிறகும் நிர்வாகமே அனுமதி தந்து விளம்பரம் வெளிவந்திருந்தால், அந்தப் பாக்கி நிர்வாகத்தின் தலையில்தான் விழ வேண்டும். கழிக்கக் கூடாது.

தொகையைக் கணக்கிடும்போது தள்ளுபடி, ஏஜென்சி கமிஷன், வரி எல்லாம் போக மிஞ்சும் நிகரத் தொகையையே அடிப்படையாக வையுங்கள். கட்டண அட்டை விலைக்கு, அதாவது தள்ளுபடிக்கு முந்தைய முழு விலைக்கு, இன்சென்டிவ் தந்தால், பாதி விலைக்கு விற்பவரும் முழு விலைக்கு விற்பவரும் ஒரே தொகை வாங்குவார்கள்.

பிரதி விற்பனைப் பிரிவில் இன்னும் கவனம் தேவை. எத்தனை பிரதி அனுப்பினோம் என்பதற்கு ஊக்கத்தொகை தந்தால், ஏஜென்டின் கடையில் கட்டுக் கட்டாகக் குவிந்து அப்படியே எடைக்குப் போகும். விற்காமல் திரும்பிய பிரதிகளைக் கழித்து, பணம் கட்டிய பிரதிகளை மட்டும் எண்ணுங்கள். 2004இல் அமெரிக்காவில் நியூஸ்டே, சிகாகோ சன்-டைம்ஸ், டல்லாஸ் மார்னிங் நியூஸ் ஆகியவை அடுத்தடுத்துத் தங்கள் விற்பனை எண்ணிக்கை உயர்த்திக் காட்டப்பட்டிருந்ததை ஒப்புக்கொண்டன. எண்ணிக்கையை நம்பிக் காசு கொடுத்த விளம்பரதாரர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டிவந்தது. பிரதி எண்ணிக்கையில் ஒரு பொய் நுழைந்தால் அது விளம்பரப் பிரிவின் ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் தொடும்.

இணையச் சந்தாவுக்கும் இதே விதிதான். அறிமுகச் சலுகையில் சேர்ந்தவர் முழுக் கட்டணத்தில் முதல் மாதம் கட்டிய பிறகு கணக்கில் சேருங்கள். நியூயார்க் டைம்ஸ் போன்ற நாளிதழிலேயே 2012இல் வாசகர் தரும் பணம் விளம்பரப் பணத்தைத் தாண்டிவிட்டது. அந்தத் திசையில் போக விரும்பினால், சேர்ந்த வாசகரைத் தங்கவைப்பவருக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும்.

படி 3: விளம்பரதாரர் கணக்குகளைப் பங்கிடுங்கள், அதன் பிறகு இலக்கு வையுங்கள்

நியாயம் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மேலாளர்கள் அதிகம் கவனிக்காததும் இதைத்தான்.

சதவீதம் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒருவரிடம் ஆண்டு முழுக்கத் தானாகவே விளம்பரம் தரும் பெரிய ஏஜென்சிகள் இருக்கும். இன்னொருவர் சின்னச் சின்னக் கடைகளாக ஏறி இறங்கிக்கொண்டிருப்பார். முதல் ஆள் ரிலீஸ் ஆர்டர் (விளம்பரத்தை வெளியிடச் சொல்லும் கடிதம்) வந்ததும் பதிவு செய்தால் போதும், இலக்கு நிறைந்துவிடும். இரண்டாம் ஆள் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் நான்கைந்து முறை நடக்க வேண்டும். காகிதத்தில் இருவருக்கும் ஒரே விதி என்று காட்டுவதில் எந்த நியாயமும் இல்லை.

இது நாளிதழுக்கு மட்டும் உள்ள சிக்கல் கிடையாது. அமெரிக்க முதலீட்டு நிறுவனமான மெரில் லின்ச், அதன் கறுப்பின நிதி ஆலோசகர்கள் தொடுத்த வழக்கில் 2013இல் 16 கோடி டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது. வாடிக்கையாளர் கணக்குகளைப் பங்கிடும் முறையும் குழு சேர்க்கும் முறையும் பாரபட்சமாக இருந்தன என்பதுதான் அங்கே மையமான குற்றச்சாட்டு. கணக்கு யார் கைக்குப் போகிறது என்பதிலேயே வருமானம் முடிவாகிவிடுகிறது.

செய்ய வேண்டியது இது. எல்லா விளம்பரதாரர்களையும் மூன்று வகையாகப் பிரியுங்கள். தானாக வருபவை ஒரு வகை. விடாமல் பின்தொடர்ந்தால்தான் நிற்பவை இரண்டாவது. கடந்த 12 மாதத்தில் நம்மிடம் விளம்பரமே தராமல் இப்போது புதிதாக வருபவை மூன்றாவது. தானாக வருபவற்றுக்கு மிகக் குறைந்த சதவீதம், புதியவற்றுக்கு அதைப் போல மூன்று, நான்கு மடங்கு என்று வைக்கலாம். பிறகு யாரிடம் எந்த வகை எவ்வளவு இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். பெண்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள், மேலாளரோடு நெருக்கம் இல்லாதவர்கள் ஆகியோரிடம் முதல் வகை எவ்வளவு இருக்கிறது என்பதைத் தனியாகக் கவனியுங்கள். பட்டியலைப் பார்த்த பிறகு பேச வேண்டியது தானாகவே விளங்கிவிடும்.

இலக்குக்கு வருவோம். கடந்த ஆண்டுத் தொகையோடு 10 சதவீதம் கூட்டு என்பது சந்தை வளரும் காலத்துக் கணக்கு. உங்கள் பகுதியில் அச்சு விளம்பரம் 15 சதவீதம் சுருங்கியிருந்தால், கடந்த ஆண்டின் 90 சதவீதத்தைப் பிடித்து வைப்பதே நல்ல சாதனை. இலக்கு அந்த உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். எட்ட முடியாத இலக்கை ‘உத்வேகத்துக்காக’ வைப்பதாகச் சிலர் சொல்வார்கள். அது ஆட்களை ஏமாற்றுவது, வேறொன்றும் இல்லை.

கடந்த ஆண்டு யார் அதிகம் விற்றாரோ அவருக்கே இந்த ஆண்டு மிகப் பெரிய இலக்கு என்ற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது இரண்டு ஆண்டு நடந்தால் எல்லோருமே இலக்கை எட்டியதும் நின்றுவிடக் கற்றுக்கொள்வார்கள். ஆளை வைத்து இலக்கு போடாமல் பகுதியை வைத்துப் போடுங்கள்: அங்கே எத்தனை விளம்பரதாரர்கள், மற்ற இதழ்களில் அவர்கள் எவ்வளவு விளம்பரம் தருகிறார்கள், இணையத்தில் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று.

படி 4: கணக்கில் செங்குத்தான வெட்டு வேண்டாம்

100 சதவீதம் எட்டினால் முழுத் தொகை, 99 என்றால் ஒன்றுமில்லை. இப்படி ஒரு திட்டம் இருந்தால் என்ன நடக்கும் என்பது விற்பனையில் இருந்த எவருக்கும் தெரியும். மாதம் 20ஆம் தேதி 60 சதவீதத்தில் இருப்பவர் இனி எட்ட முடியாது என்று கையை விரித்துவிட்டு, வரும் ஆர்டர்களை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவார். 95இல் இருப்பவர் கடைசி இரண்டு நாளில் எந்தத் தள்ளுபடிக்கும் சம்மதிப்பார்.

பொருளியலாளர் பால் ஓயர் 1998இல் வெளியிட்ட ஆய்வு, நிறுவனங்களின் நிதியாண்டு முடிவில் விற்பனை குவிவதையும் விலை சற்று இறங்குவதையும் காட்டியது. பின்னர் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தின் விற்பனைப் பதிவுகளை ஆராய்ந்த இயன் லார்கின், காலாண்டு இறுதிக்குள் முடிக்க வேண்டும் என்று விற்பனையாளர்கள் கொடுத்த தேவையற்ற தள்ளுபடியால் நிறுவனம் 6 முதல் 8 சதவீத வருமானத்தை இழந்தது என்று கணக்கிட்டார். ஏற்கெனவே மூச்சு வாங்கும் ஒரு நாளிதழுக்கு அந்த 6 சதவீதம்தான் சில மாதச் சம்பளம்.

ஆகவே நேர்கோடாக வையுங்கள். ஓர் உதாரணம். நான்கு பேர், ஒரே சம்பளம், இலக்கில் முறையே 105, 99, 92, 70 சதவீதம் எட்டியிருக்கிறார்கள். பழைய திட்டத்தில் 100ஐ எட்டினால் மாதச் சம்பளத்தில் 10 சதவீதம். ஒருவருக்கு மட்டும் கிடைக்கும், மூவருக்கு ஒன்றுமில்லை. புதிய திட்டத்தில் 80க்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் 0.35 சதவீதம் என்று வைத்தால், முதலாமவருக்கு 8.75, அடுத்தவருக்கு 6.65, மூன்றாமவருக்கு 4.2, நான்காமவருக்குப் பூஜ்யம். மொத்தச் செலவு ஒருவரின் மாதச் சம்பளத்தில் 10 சதவீதத்திலிருந்து 19.6 சதவீதம் ஆகிறது.

இரட்டிப்புச் செலவு என்று கணக்குப் பிரிவு சொல்லும். உண்மைதான். ஆனால் இங்கே மூன்று பேருக்கு மாதத்தின் கடைசி நாள் வரை உழைக்கக் காரணம் இருக்கிறது, நான்காமவருக்கும் 80 கண்ணில் தெரிகிறது. அவ்வளவு பணம் இல்லையென்றால் 0.35ஐ 0.25 ஆக்குங்கள், செலவு 14க்கு வந்துவிடும். முதலில் மொத்த ஒதுக்கீட்டை முடிவு செய்யுங்கள், அப்புறம் ஒரு புள்ளிக்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள். உச்ச வரம்பு வைக்காமல் இருப்பது நல்லது. வைத்தே ஆக வேண்டும் என்றால் 150க்கு மேல் வையுங்கள், அதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் முக்கியம். நெருக்கடியில் இருக்கும் நிர்வாகத்துக்கு நிலையான சம்பளத்தைக் குறைத்து, ‘விற்றால் அதைவிட அதிகம் சம்பாதிக்கலாம்’ என்று மாறும் பகுதியைக் கூட்டும் ஆசை வரும். வெளியிலிருந்து பார்க்கச் சாமர்த்தியமாகத் தெரியும். ஆனால் அது தொழில் சரிவின் ஆபத்தை நிறுவனத்தின் தோளிலிருந்து இறக்கி, வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்ட வேண்டிய ஊழியரின் தோளில் ஏற்றுவது. சுருங்கும் சந்தையில் நிலையான சம்பளத்தைக் கொண்டே ஒரு குடும்பம் நடக்க வேண்டும். ஊக்கத்தொகை அதற்கு மேல் வருவது. இந்த ஒன்றில் எந்த சமரசத்தையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 5: விற்பனைக்கு வெளியே இருப்பவர்களை நினையுங்கள்

ஒரு முழுப்பக்க விளம்பரம் வெளிவர விற்பனையாளர் மட்டும் போதாது. வடிவமைப்பாளர் இரவு 9 மணிக்கு நான்காவது முறையாகத் திருத்தம் செய்திருப்பார். பக்கம் ஒதுக்குபவர் ஆசிரியர் பிரிவோடு மல்லுக்கு நின்றிருப்பார். பிழை திருத்துபவர் தொலைபேசி எண்ணில் இருந்த தவறைப் பிடித்திருப்பார். பில் போடுபவர், வசூலுக்குப் பேசுபவர், அச்சகத்தின் இரவுப் பணியாளர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். விற்பனைப் பிரிவுக்கு மட்டும் காசோலையும் கைதட்டலும், மற்றவர்களுக்குச் சம்பள உயர்வு நிறுத்தம் என்ற சுற்றறிக்கையும் ஒரே வாரத்தில் வந்தால் என்ன ஆகும்?

மனிதர் தான் போட்டதையும் பெற்றதையும் பக்கத்தில் இருப்பவருடையதோடு ஒப்பிட்டே நியாயத்தை அளக்கிறார் என்று உளவியலாளர் ஸ்டேசி ஆடம்ஸ் 1960களிலேயே விளக்கினார். 2003இல் சாரா பிராஸ்னனும் ஃபிரான்ஸ் டி வாலும் கபுச்சின் குரங்குகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். பக்கத்துக் குரங்குக்குத் திராட்சை கிடைப்பதைப் பார்த்ததும், அதுவரை வெள்ளரித் துண்டுக்கு ஒத்துழைத்த குரங்குகள் பலமுறை அதை மறுத்தன. வெள்ளரியின் ருசி மாறிவிடவில்லை.

மொத்த ஊக்கத்தொகை நிதியில் 15 முதல் 20 சதவீதத்தை இந்தத் துணைப் பிரிவுகளுக்கான பொது நிதியாக ஒதுக்குங்கள். விற்பனைத் தொகையோடு அதைக் கட்டாமல், அவர்கள் கையில் உள்ளவற்றோடு கட்டுங்கள்: பிழையால் மறுபடி இலவசமாகப் போட வேண்டிவந்த விளம்பரங்கள் எத்தனை, பில் எத்தனை நாளில் போனது, 90 நாளைத் தாண்டிய பாக்கி எவ்வளவு குறைந்தது. இவை சரியானால் விற்பனையாளருக்கும் நேரடி லாபம்.

படி 6: செய்திப் பிரிவைக் கணக்கிலிருந்து முழுக்க விலக்குங்கள்

நிருபர், உதவி ஆசிரியர், ஆசிரியர் எவருக்கும் விளம்பர வருமானத்தில் பங்கு தரக் கூடாது. இதைப் பேசி முடிவெடுக்கும் விஷயமாக நான் பார்க்கவில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் 1999 அக்டோபர் 10 அன்று ஸ்டேபிள்ஸ் சென்டர் என்ற புதிய விளையாட்டரங்கம் பற்றி 168 பக்கச் சிறப்பிதழ் வெளியிட்டது. அதன் விளம்பர லாபத்தை அந்த அரங்கத்தோடே பகிர்ந்துகொள்ள நிர்வாகம் ஒப்பந்தம் செய்திருந்தது, அதை எழுதிய செய்தியாளர்களுக்குத் தெரியாமல். விஷயம் வெளியே வந்ததும் முந்நூறுக்கும் மேற்பட்ட செய்திப் பிரிவினர் கண்டன மனுவில் கையெழுத்திட்டார்கள். பதிப்பாளர் மன்னிப்புக் கேட்டார். நாளிதழே தன் தவறு பற்றி நீண்ட விசாரணைக் கட்டுரை வெளியிட்டது. பணம் நாளிதழுக்கும் அரங்கத்துக்கும்தான் போனது, தனிப்பட்ட எவரும் எடுத்துக்கொள்ளவில்லை. அப்படியும் அந்த இதழின் மதிப்பு அடிவாங்கியது.

சிறு இதழ்களில் நடப்பது இதைவிடக் கடினமானது. பகுதி நேர நிருபருக்குச் செய்திக்கென்று சொற்பத் தொகைதான். மலருக்கு விளம்பரம் பிடித்துத் தந்தால் கமிஷன். அவர் எந்த அரசியல்வாதியைப் பற்றி, எந்த மருத்துவமனையைப் பற்றி எழுத வேண்டுமோ, அவர்களிடமே வாழ்த்து விளம்பரம் கேட்டு நிற்பார். அந்த நிருபரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவரை அங்கே நிறுத்தியது சம்பள முறைதான். செய்திக்கான தொகையை உயர்த்தி, விளம்பர வேலையை வேறொருவருக்குக் கொடுங்கள். ஒரே நாளில் முடியாதென்றால், இந்தத் தேதிக்குள் நிறுத்துகிறோம் என்று எழுத்தில் தேதி போடுங்கள். அதுவரை தான் செய்தி எழுதும் யாரிடமும் அவர் விளம்பரம் கேட்கக் கூடாது என்று விதி வையுங்கள். விளம்பரக் கட்டுரைகளுக்கு மேலே ‘விளம்பரம்’ என்று தெளிவாகப் போடுங்கள். விற்பனையாளர் அதை நீக்கித் தருவதாக விளம்பரதாரரிடம் பேரம் பேசினால், அந்த விற்பனைக்கு ஊக்கத்தொகை கிடையாது.

படி 7: யாருக்கு முதலில் பணம் என்று வரிசைப்படுத்துங்கள்

பணம் போதாத மாதத்தில் முதலில் சம்பளம். அடுத்தது, ஏற்கெனவே விற்று முடித்ததற்கான ஊக்கத்தொகை. மேலாளர்களின் போனஸ் கடைசி. இதை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். 2008 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கோரிய அமெரிக்க நாளிதழ் நிறுவனமான டிரிப்யூன் கம்பெனி, அதன் பிறகும் மேலாளர்களுக்குப் போனஸ் தர முனைந்தபோது ஊழியர் சங்கம் நீதிமன்றத்தில் எதிர்த்தது. ஆட்குறைப்பும் மேல்மட்டப் போனஸும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் எந்த விளக்கமும் எடுபடாது.

படி 8: எழுதி வையுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்

மூன்று பக்கத்துக்குள், எளிய மொழியில், காலாண்டு தொடங்குவதற்கு முன்பே ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும். சதவீதமும் இலக்கும் எல்லோரும் எழுதிவிடுவார்கள். விட்டுப்போவது இவைதான்:

இருவர் சேர்ந்து ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்தால் யாருக்கு எவ்வளவு? தகராறு வந்தால் யார், எத்தனை நாளுக்குள் முடிவு செய்வார்? ஒரு விளம்பரதாரரை ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் தந்தால், எடுக்கப்பட்டவருக்கு எத்தனை மாதம் பங்கு தொடரும்? வேலையை விட்டுப் போகிறவருக்கு, போன பிறகு வசூலாகும் தொகையில் பங்கு உண்டா? பிரசவ விடுப்பிலோ நீண்ட மருத்துவ விடுப்பிலோ இருந்தவரின் இலக்கு எப்படிக் குறையும், திரும்பி வரும்போது அவருடைய கணக்குகள் அவருக்கே கிடைக்குமா?

கணக்கை எடுப்பது பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு விற்பனையாளர் இரண்டு ஆண்டு உழைத்து ஒரு சிறு நிறுவனத்தைப் பெரிய விளம்பரதாரராக வளர்ப்பார். தொகை பெரிதானதும் ‘இதை இனி மேலாளரே நேரடியாகப் பார்ப்பார்’ என்று எடுத்துக்கொள்வார்கள். அதன் பிறகு அந்த அலுவலகத்தில் எவரும் எந்த விளம்பரதாரரையும் வளர்க்க மாட்டார்கள். வேண்டுமென்றே செய்யமாட்டார்கள் என்று சொல்லவில்லை, மனம் வராது. தவிர்க்க முடியாமல் எடுத்தால், குறைந்தது 6 மாதம் முழுப் பங்கு அவருக்கே தொடரட்டும்.

நடுவில் விதியை மாற்றுவது எல்லாவற்றிலும் கெட்டது. மார்ச்சில் ஒருவர் எதிர்பாராமல் பெரிய ஒப்பந்தம் முடிக்கிறார், தொகை நிர்வாகத்தின் கண்ணை உறுத்துகிறது, ‘இது விதிவிலக்கான விற்பனை’ என்று பாதியாக்குகிறார்கள். மிச்சமான பணம் ஒரு முறைதான் மிச்சம். அடுத்த அறிவிப்பு எவ்வளவு பெரிய தொகையோடு வந்தாலும் எல்லோரும் மனத்துக்குள் பாதியாக்கித்தான் கேட்பார்கள். திட்டத்தில் தவறு இருப்பது தெரிந்தால், இந்தக் காலாண்டுக்குச் சொன்னபடி கொடுத்துவிட்டு அடுத்த காலாண்டில் திருத்துங்கள். சம்பாதித்து முடித்த கமிஷன் பல நாடுகளில் சட்டப்படி கூலியாகவே கருதப்படுகிறது. உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டே கையெழுத்திடுங்கள்.

படி 9: அமல்படுத்தும் முன் சோதித்துப் பாருங்கள்

கடந்த 12 மாத விற்பனையைப் புதிய விதியில் போட்டுப் பாருங்கள். யாருக்கு எவ்வளவு கூடுகிறது, யாருக்குக் குறைகிறது, மொத்தம் எவ்வளவு. குறைகிறவர்களிடம் அறிவிப்புக்கு முன் நேரில் பேசுங்கள், முதல் இரண்டு காலாண்டுக்குப் பழைய தொகையில் ஒரு பகுதியை உறுதி செய்யுங்கள்.

அப்புறம் உங்கள் அனுபவசாலியான விற்பனையாளரை உட்காரவைத்து, ‘இந்தத் திட்டத்தில் வேலை செய்யாமல் பணம் வாங்க என்ன வழி?’ என்று கேளுங்கள். அரை மணி நேரத்தில் ஓட்டைகளைக் காட்டிவிடுவார்: ஒரே விளம்பரதாரரை வேறு பெயரில் ‘புதியவர்’ ஆக்குவது, மாதக் கடைசியில் ஆர்டர் போட்டு அடுத்த மாதம் ரத்து செய்வது, இரண்டு பேர் தங்களுக்குள் விற்பனையை மாற்றி எழுதிக்கொள்வது. இந்தக் கேள்வியைக் கேட்காமல் அழுத்தத்தை மட்டும் கூட்டினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி பெரிய சாட்சி. விற்பனை இலக்கை எட்ட, வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகள் தொடங்கப்பட்டன. 2016இல் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. சுமார் 5,300 ஊழியர்கள் வேலையிழந்திருந்தார்கள். இலக்கு வைத்தவர்களைவிட அதை எட்டத் தவித்தவர்களே முதலில் வெளியேற்றப்பட்டார்கள் என்பது எனக்கு இன்றும் உறுத்தும் விஷயம்.

அமலான பிறகு ஒவ்வொரு மாதமும் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்குச் சீட்டு போகட்டும். விளம்பரம், வெளியான தேதி, நிகரத் தொகை, வசூல், சதவீதம், வரவேண்டியது. அதைப் பார்த்து அவரே கூட்டிச் சரிபார்க்க முடிய வேண்டும். சுவரில் பெயர் வரிசை ஒட்டுவதை நான் ஆதரிக்கவில்லை. கணக்குகள் சமமாகப் பிரியாத இடத்தில் அந்த வரிசை உழைப்பைக் காட்டாது.

படி 10: நீங்கள் விற்பனையில் இருப்பவர் என்றால்

உங்கள் ஆர்டர்களுக்கு உங்களிடமே ஒரு பதிவேடு இருக்கட்டும். ரிலீஸ் ஆர்டர் எண், வெளியான பக்கம், தேதி, பில் எண், பணம் வந்த நாள். வாய்மொழியாக ஏதாவது சொன்னால், ‘நீங்கள் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானே?’ என்று அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். சண்டைக்காரத் தொனி வேண்டாம், இரண்டு வரி போதும். பாக்கி வைத்திருக்கும் விளம்பரதாரரைப் பற்றிய எச்சரிக்கையையும் இப்படி எழுத்தில் கொடுங்கள்.

குறை இருந்தால், எனக்குக் குறைந்துவிட்டது என்று தொடங்காமல் விதியிலிருந்து தொடங்குங்கள்: ‘ஆவணத்தில் இரண்டாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது, என் சீட்டில் இப்படி வந்திருக்கிறது.’ ஆவணமே இல்லாத அலுவலகம் என்றால், முதல் கோரிக்கை தொகையாக இருக்க வேண்டாம், ஆவணமாக இருக்கட்டும். அதை நான்கைந்து பேர் சேர்ந்து கேளுங்கள். தனியாகக் கேட்பவரைப் பிரச்சினைக்காரர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. வடிவமைப்பு, பில்லிங் பிரிவு நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு, பொது நிதியையும் அதே கோரிக்கையில் எழுதுங்கள். அடுத்த காலாண்டு தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது கொடுத்தால், நிர்வாகத்துக்கும் யோசிக்க நேரம் இருக்கும்.